வடிவம் வந்தது, உறுதி வந்ததா?

ஒரு கிரிக்கெட் வீரரின் பெயர், வயது, எடுத்த ஓட்டங்கள் ஆகிய மூன்றையும் ஒரே கட்டாகக் கணினியில் சேமிக்க வேண்டியிருக்கிறது. சி மொழியில் பழகியவர் இதற்கு முதலில் ஒரு ‘ஸ்ட்ரக்ட்’ எழுதுவார். வீரர் என்றால் இந்த மூன்று விவரங்கள்தான். பெயர் எழுத்துகளால் ஆனது, வயதும் ஓட்டமும் முழு எண்கள் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவார். தாலுகா அலுவலகத்தில் கொடுக்கும் அச்சடித்த விண்ணப்பப் படிவம் போன்றது அது. எத்தனை கட்டங்கள், எந்தக் கட்டத்தில் எதை நிரப்ப வேண்டும் என்பதெல்லாம் அச்சாகும்போதே முடிவாகிவிடும். லுவா மொழியில் அப்படிப் படிவம் எதுவும் கிடையாது. விவரங்களைச் சேர்த்து வைக்க அங்கே இருப்பது ‘டேபிள்’ ஒன்றுதான். அது வெள்ளைத்தாள், எதை வேண்டுமானாலும் எந்தப் பெயரில் வேண்டுமானாலும் எழுதலாம், எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம். அதனால் சி++, ஜாவா, சி ஷார்ப் போன்ற மொழிகளிலிருந்து லுவாவுக்கு வருகிறவர்கள், தாங்கள் பழகிய ஸ்ட்ரக்டையும், விவரங்களோடு செயல்களையும் சேர்த்துக் கட்டும் ‘கிளாஸ்’ வடிவத்தையும் இந்த டேபிளைக் கொண்டு போலச் செய்ய முயல்கிறார்கள். போலச் செய்வதில் தவறில்லை. படிவத்தின் தோற்றம் வந்ததும், அந்தப் படிவம் கொடுத்த உறுதிகளும் கூடவே வந்துவிட்டன என்று நம்புவதில்தான் தவறு இருக்கிறது. எந்த உறுதி நமக்குத் தேவை என்று முதலில் கேட்டு, அதை மட்டும் லுவாவின் வழியிலேயே கட்டிக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இது நிரலாளர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய சங்கதி என்று பொது வாசகர் ஒதுங்கிவிட வேண்டியதில்லை. லுவாவின் பெயர் வெளியே அதிகம் தெரியாது. ஆனால் அது ஓடும் இடங்கள் ஏராளம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் ஆட்டக்காரர்கள் தாங்களே எழுதிச் சேர்க்கும் துணை நிரல்கள் லுவாவில்தான் எழுதப்படுகின்றன. ஒளிப்படக் கலைஞர்கள் பயன்படுத்தும் அடோபி லைட்ரூமின் கணிசமான பகுதி லுவா. ரெடிஸ் தரவுத்தளத்துக்குள்ளும், நெட்வொர்க் போக்குவரத்தை ஆராயும் வயர்ஷார்க்குக்குள்ளும் அது இருக்கிறது. 2013 முதல் விக்கிப்பீடியாவின் வார்ப்புருக்களுக்குப் பின்னாலும் அது ஓடுகிறது. தமிழ் விக்கிப்பீடியா கட்டுரைகளின் ஓரத்தில் பரப்பளவையும் மக்கள்தொகையையும் காட்டும் தகவற்பெட்டிகளும் அதன் துணையை நாடுகின்றன. ரோப்லாக்ஸில் விளையாட்டு உருவாக்கும் பள்ளிப் பிள்ளைகள் எழுதுவது, லுவாவிலிருந்து கிளைத்த ‘லூஆவ்’ என்ற மொழியை. ஆக, சிலருக்கு இது முதல் மொழி. வேறு பலருக்கு மூன்றாவதோ நான்காவதோ. முதல் மொழியாகக் கற்கும் பிள்ளைக்கு வெள்ளைத்தாள் இயல்பாகவே படும். நான்காவதாக வருகிறவர்தான் பழைய படிவத்தைத் தேடுகிறார். அவர் எழுதிய நிரலை நாளை அந்தப் பிள்ளையும் படிக்கப்போகிறது என்பதால், அவர் எப்படித் தேடுகிறார் என்பது எல்லோருக்கும் முக்கியமாகிறது.

லுவாவில் ஸ்ட்ரக்ட் இல்லாதது மறதியால் நேர்ந்த குறை என்று பலரும் எண்ணுகிறார்கள். அது பிறந்த கதையைப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. வெளிநாட்டுக் கணினிப் பொருள்களுக்குப் பிரேசில் 1977 முதல் 1992 வரை கடும் தடைகள் விதித்திருந்தது. வேண்டிய கருவியைத் தாங்களே செய்துகொள்ளும் பழக்கம் அங்கே அப்படித்தான் வளர்ந்தது. ரியோ டி ஜெனிரோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் டெக்கிராஃப் ஆய்வுக்குழு, பெட்ரோபிராஸ் எண்ணெய் நிறுவனத்துக்காக டெல், சோல் என்று இரண்டு சிறு மொழிகளை உருவாக்கியது. போர்த்துகீசிய மொழியில் சோல் என்றால் சூரியன். நிலத்தடிப் பாறை அடுக்குகளின் வரைபடத்துக்கு வேண்டிய விவரங்களை எழுதப் பிறந்த மொழி அது. அந்த மொழியில் வகைகளை முன்கூட்டியே அறிவிக்க முடிந்தது: இந்த வகைக்கு இன்னின்ன விவரங்கள், இது எண்ணாக இருக்க வேண்டும், மதிப்பு தராவிட்டால் இதை எடுத்துக்கொள். கிட்டத்தட்ட ஸ்ட்ரக்ட்தான். சோல் பயனர்களின் கைக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே, 1993இல் ரோபர்ட்டோ இயருசலிம்ஸ்கி, லூயிஸ் ஹென்ரிக் டி ஃபிகரேடோ, வால்டெமார் செலஸ் ஆகிய மூவரும் இரு மொழிகளையும் ஒன்றாக்கிப் புதிய மொழி ஒன்றைச் செய்தார்கள். சூரியனுக்குப் பிறகு நிலவு, அதுதான் லுவா. புதிய மொழியில் வகை அறிவிப்பு இடம்பெறவில்லை. அதற்குப் பதிலாக, டேபிள் ஒன்றை உருவாக்கியதும் நிரலாளர் எழுதிய செயல்கூறு ஒன்றிடம் அதை ஒப்படைக்கும் வழி வந்தது. விவரம் சரியா என்று பார்ப்பதும், விடுபட்டதை நிரப்புவதும் அந்தச் செயல்கூறின் பொறுப்பு. மொழியின் சட்டமாக இருந்தது நிரலாளரின் கடமையாக மாறியது. தெரிந்தே எடுத்த முடிவு அது.

போலச் செய்வதற்கான கருவிகளும் அதே முடிவிலிருந்து வந்தவை. 1995 பிப்ரவரியில் வந்த 2.1 பதிப்பு, டேபிளில் இல்லாத விவரத்தைக் கேட்டால் என்ன செய்வது என்று நிரலாளரே சொல்லிவைக்க வழி கொடுத்தது. 2003இல் வந்த 5.0 பதிப்பில் அந்த வழி ‘மெட்டாடேபிள்’ என்ற இன்றைய வடிவத்தைப் பெற்றது. அதைக் கொண்டு ஒரு டேபிளுக்குப் பின்னால் இன்னொரு டேபிளை நிறுத்தலாம். முன்னால் இருப்பதிடம் கேட்ட விவரம் இல்லையென்றால், பின்னால் இருப்பதிடம் லுவா கேட்கும். எல்லா வீரர்களுக்கும் பொதுவான செயல்களை ஒரு டேபிளில் எழுதி, ஒவ்வொரு வீரரின் டேபிளுக்கும் பின்னால் அதை நிறுத்தினால் கிளாஸ் தயார். வீரரின் பெயரை எழுதி, முக்காற்புள்ளி இட்டு, செயலின் பெயரை எழுதினால், அந்த வீரரே முதல் உள்ளீடாகச் செயலுக்குள் போய்விடுவார். பத்துப் பன்னிரண்டு வரிகளில் முடியும் வேலை. பார்வைக்கு ஜாவா நிரல் போலவே இருக்கும். கருவியைத் தருவோம், இப்படித்தான் பயன்படுத்த வேண்டும் என்று கட்டளையிட மாட்டோம் என்பது லுவாவைப் படைத்தவர்கள் வெளிப்படையாகவே சொல்லிவரும் கொள்கை. பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதுதான் நம்மை ஏமாற்றுகிறது. ஸ்ட்ரக்ட் தரும் முக்கியமான உறுதிகள் மூன்று. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, இந்தப் போலியில் வந்து சேர்ந்தனவா என்று பார்த்தால் உண்மை விளங்கும்.

முதல் உறுதி, கட்டங்கள் மாறாது என்பது. சதம் அடித்த வீரரின் ‘ஓட்டங்கள்’ என்ற விவரத்தில் 100 என்று எழுத வேண்டிய இடத்தில், கை தவறி ‘ஓட்டம்’ என்று எழுதிவிட்டதாகக் கொள்வோம். சி மொழியில் அந்த நிரல் ஓடவே ஆரம்பிக்காது. அப்படி ஒரு கட்டம் இல்லை என்று, நிரலைக் கணினிக்காக மொழிபெயர்க்கும் கம்பைலர் நிறுத்திவிடும். லுவா எதுவும் சொல்லாது. வெள்ளைத்தாளில் ‘ஓட்டம்’ என்று புதிதாக ஒரு வரி சேர்ந்துவிடும். பிறகு வேறொரு கோப்பில் ‘ஓட்டங்கள்’ என்று கேட்டால், ஒன்றுமில்லை என்பதைக் குறிக்கும் ‘நில்’ கிடைக்கும். அதனோடு ஓர் எண்ணைக் கூட்ட முற்படும்போதுதான் பிழைச்செய்தி வரும். தவறு நடந்த இடம் ஒன்று, பிடிபடும் இடம் வேறு. கிளாஸ் போலச் செய்துவைத்தால் இந்த நிலைமை இன்னும் மோசமாகிறது. பின்னால் நிற்கும் பொது டேபிளில் ஓட்டங்களுக்கு இயல்பு மதிப்பு 0 என்று எழுதி வைத்திருப்போம். வீரரின் சொந்த டேபிளில் அந்தப் பெயர் இல்லாததால், லுவா பின்னால் போய் அந்தப் பூஜ்ஜியத்தை எடுத்து வந்துவிடும். இப்போது பிழைச்செய்திகூடக் கிடையாது. சதம் அடித்தவரின் கணக்கில் பூஜ்ஜியம் நிற்கும். பாதுகாப்புக்காக இரவல் வாங்கிய வடிவமே பிழையை மூடி மறைக்கிறது.

இரண்டாவது உறுதி, பிரதி எடுத்தால் அது தனிப் பிரதியாக இருக்கும் என்பது. சி, கோ, சி ஷார்ப், ஸ்விஃப்ட் ஆகிய மொழிகளில் ஒரு ஸ்ட்ரக்டை இன்னொரு மாறிக்குக் கொடுத்தால், படிவத்தை நகலெடுத்தது போல இரண்டாகிவிடும். ஒன்றில் திருத்தினால் மற்றது மாறாது. லுவாவில் டேபிளை இன்னொரு மாறிக்குக் கொடுத்தால், ஒரே தாளுக்கு இரண்டாவது பெயர் வைத்ததாகத்தான் அர்த்தம். இது தெரிந்தவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘ஆடிய போட்டிகள்’ என்ற வெற்றுப் பட்டியலை இயல்பு மதிப்பாகப் பொது டேபிளில் வைத்துவிடுவார்கள். முதல் வீரரின் பட்டியலில் சென்னைப் போட்டியைச் சேர்த்ததும், எல்லா வீரர்களும் சென்னையில் ஆடியவர்களாகிவிடுவார்கள். காரணம் எளிது. வீரருக்கென்று சொந்தப் பட்டியல் இல்லாததால், லுவா பின்னால் இருந்த பொதுப் பட்டியலை எடுத்துக் கொடுத்தது; போட்டியின் பெயர் அதில்தான் எழுதப்பட்டது. நூறு வீரர்களை உருவாக்கினாலும் பட்டியல் ஒன்றே. ஓட்டங்கள் போன்ற எண்ணில் இந்தச் சிக்கல் வருவதில்லை. புதிய எண்ணை எழுதும்போது அது வீரரின் சொந்த டேபிளிலேயே பதிகிறது. எண்ணில் சரியாக நடந்ததைப் பார்த்துவிட்டு, பட்டியலிலும் அப்படியே நடக்கும் என்று நம்பிவிடுவதுதான் இந்தப் பிழை திரும்பத் திரும்ப நேர்வதற்குக் காரணம்.

மூன்றாவது உறுதி நினைவகம் சார்ந்தது. ஸ்ட்ரக்டின் விவரங்கள் நினைவகத்தில் இடைவெளி அதிகமின்றி வரிசையாக உட்காரும்; எத்தனை பைட் என்பதும் முன்பே தெரியும். இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை, மைக் பால் உருவாக்கிய லுவாஜிட் என்ற லுவா இயக்கியின் ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டு ஒன்று தெளிவாகக் காட்டுகிறது. அகலம் 400, உயரம் 400 புள்ளிகள் கொண்ட படம். மொத்தம் 1,60,000 புள்ளிகள். சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் அளவு என்று ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு மதிப்புகள். ஒவ்வொரு புள்ளியையும் ஒரு டேபிளாக வைத்தால் 22 மெகாபைட் வேண்டும். அதே ஆவணம், லுவா நிரலுக்குள்ளேயே சி மொழியின் ஸ்ட்ரக்டை அறிவிக்கும் வசதியைப் பயன்படுத்தி அதை மாற்றி எழுதுகிறது. இப்போது புள்ளிக்கு நான்கு பைட் வீதம் 640 கிலோபைட் போதும். டேபிளுக்கு எவ்வளவு அழகாகக் கிளாஸ் வேடம் கட்டினாலும் இந்தச் சிக்கனம் வராது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லுவாஜிட் தரும் அந்த உண்மையான ஸ்ட்ரக்டிலும் எல்லா உறுதிகளும் வந்துவிடுவதில்லை. நினைவகச் சிக்கனம் கிடைக்கும். இல்லாத கட்டத்தைத் தொட்டால் பிழை என்று சொல்லும். ஆனால் இன்னொரு மாறிக்குக் கொடுத்தால், அங்கேயும் ஒரே பொருளுக்கு இரண்டு பெயர்தான். தனிப் பிரதி வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். ஆக, மூன்று உறுதிகளும் ஒரே பொட்டலமாக வருபவை அல்ல. தனித்தனியாக வாங்க வேண்டியவற்றை மொத்தமாக வாங்கிவிட்டதாக நினைத்துக்கொள்வதே கோளாறுகளின் வேர்.

ஒவ்வொரு உறுதியையும் தனியாகக் கட்டிக்கொள்ள லுவா வழி வைத்திருக்கிறது. கட்டங்கள் மாறக்கூடாது என்றால், அறியாத பெயரை எழுதினாலும் படித்தாலும் உடனே பிழையென்று நிறுத்தும் காவலை மெட்டாடேபிளிலேயே பத்துப் பதினைந்து வரிகளில் வைக்கலாம். லுவா 5.1 பதிப்போடு வந்த ‘ஸ்ட்ரிக்ட்’ என்ற சிறு கோப்பு, அறிவிக்காத பொதுமாறிகளை இதே முறையில்தான் தடுத்தது. விக்கிப்பீடியாவில் பல இடங்களுக்குப் பொதுவாக ஏற்றப்படும் தரவு டேபிளில் யாராவது எழுத முயன்றால் அது மறுத்துவிடும். அதுவும் இதே காவல்தான். நிரல் ஓடுவதற்கு முன்பே பிழை தெரிய வேண்டுமென்றால், பிரேசிலைச் சேர்ந்த ஹிஷாம் முகம்மது லுவாவை ஒட்டி உருவாக்கிய டீல் என்ற மொழியில் ‘ரெக்கார்ட்’ என்ற வடிவத்தை அறிவிக்கலாம். ரோப்லாக்ஸ் 2021இல் திறமூலமாக வெளியிட்ட லூஆவிலும் டேபிளின் வடிவத்தை அறிவித்துச் சரிபார்க்கலாம். தனித்தனிப் பட்டியல் வேண்டுமென்றால், ஒவ்வொரு வீரரையும் உருவாக்கும் செயல்கூறுக்குள் புதுப் பட்டியலை உருவாக்கினால் போதும். நினைவகச் சிக்கனம் வேண்டுமென்றால் லுவாஜிட் இருக்கிறது. அல்லது சி மொழியில் எழுதிய ஸ்ட்ரக்டை ‘யூசர்டேட்டா’ என்ற வடிவில் லுவாவின் கையில் கொடுக்கலாம். இவற்றில் பல, பார்வைக்கு ஜாவாவைப் போலவோ சி ஷார்ப்பைப் போலவோ இருக்காது. ஆனால் வேண்டிய உறுதி உண்மையாகவே அங்கே இருக்கும்.

பத்துப் பேர் சேர்ந்து எழுதும் பெரிய நிரலில், எல்லோருக்கும் பழகிய கிளாஸ் வடிவம் இருந்தால் வேலை சுலபமாகுமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. லுவாவைப் படைத்தவர்களில் ஒருவரான இயருசலிம்ஸ்கி எழுதிய பாடநூலிலேயே கிளாஸ், மரபுரிமை, மறைப்பு ஆகியவற்றைச் செய்யும் முறைகள் விளக்கப்பட்டிருக்கின்றன. பொது வழக்கம் ஒன்று இருப்பது நல்லதுதான். அதை இக்கட்டுரை எதிர்க்கவில்லை. அந்தப் பாடநூல் கருவிகளைப் பிரித்துக் காட்டி, ஒவ்வொன்றும் எதைத் தரும் என்று சொல்லிக்கொடுக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். நடைமுறையில் நடப்பது வேறு. ஆளுக்கொரு கிளாஸ் நூலகம் எழுதுகிறார்கள் அல்லது இணையத்திலிருந்து எடுத்துச் சேர்க்கிறார்கள். ஒரு நூலகத்தில் பிறந்த ஆப்ஜெக்ட் மற்றொரு நூலகத்தின் கிளாஸோடு ஒத்துப்போவதில்லை. மெட்டாடேபிள் தெரிந்தவர் இரண்டையும் படித்துப் புரிந்துகொள்வார். நூலகத்தின் வெளித்தோற்றம் மட்டும் தெரிந்தவர் திகைத்து நிற்பார். குழுவுக்கு ஒரே வழக்கம் வேண்டுமென்றால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது எந்த உறுதியைத் தருகிறது, எதைத் தருவதில்லை என்று நிரலின் தலைப்பிலேயே எழுதி வைக்கட்டும். பழக்கம் தரும் வசதியும் கிடைக்கும். பொய்யான நம்பிக்கையும் வளராது.

இவ்வளவு பாடுபடுவதைவிட லுவாவே ஒரு ஸ்ட்ரக்டைக் கொடுத்துவிட்டால் என்ன என்ற கேள்வி இன்னும் ஆழமானது. விலை இல்லாமல் அது வராது. லுவாவின் மூலநிரல் மொத்தமே சுமார் 30,000 வரிகள்தான். நூலகங்களோடு சேர்ந்த அதன் இயக்கி 300 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். அந்தச் சிறிய அளவால்தான் பெரிய விளையாட்டுக்குள்ளும், பிரேசிலின் டிஜிட்டல் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கான ‘கிங்கா’ மென்பொருளுக்குள்ளும் அதனால் குடியேற முடிந்தது. மேலும் லுவா தனியாக வாழப் பிறந்த மொழி அல்ல. சி மொழியில் எழுதிய பெரிய நிரலுக்குள் விருந்தாளியாக அமர்ந்து, மாறிக்கொண்டே இருக்கும் பகுதிகளைக் கவனிக்கப் பிறந்தது. இறுக்கமான வடிவமும் நினைவகக் கணக்கும் வேண்டிய வேலையை வீட்டுக்காரரான சி பார்த்துக்கொள்ளும் என்பதே அந்த ஏற்பாடு. வீட்டுக்காரரின் பாத்திரங்களையெல்லாம் விருந்தாளியும் சுமந்து வர வேண்டும் என்று கேட்டால், எந்த வீட்டிலும் எளிதாக நுழையும் அதன் சிறப்பு போய்விடும். காவல் வைப்பதால் வேகம் குறையுமே என்பாருக்கும் பதில் உண்டு. எழுதிச் சோதிக்கும் காலத்தில் காவலை வைத்து, பயன்பாட்டுக்கு அனுப்பும்போது எடுத்துவிடலாம். டீல் போன்றவற்றின் சரிபார்ப்போ நிரல் ஓடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

வேற்றுமொழியிலிருந்து ஒன்றை எடுக்கும்போது எதை எடுப்பது, எதை விடுவது என்ற கேள்வியைத் தமிழ் மிகப் பழங்காலத்திலேயே எதிர்கொண்டிருக்கிறது. வடசொல்லைத் தமிழில் ஏற்கும்போது அதற்கே உரிய எழுத்தை விலக்கித் தமிழ் எழுத்தோடு பொருத்த வேண்டும் என்று தொல்காப்பியம் விதி வகுத்தது. சொல்லின் பயன் வேண்டும்; அது நம் மொழியின் ஒலிக்குள் வந்து அமர வேண்டும் என்பது அந்த விதியின் நோக்கம். நிரல்மொழிகளுக்கும் இதுவே பொருந்தும். கல்லூரியில் சி மொழியும் ஜாவாவும் கற்றுவிட்டு லுவாவுக்கு வருகிற மாணவரிடம், கிளாஸ் எழுதுவது எப்படி என்பதை மட்டும் ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்து நிறுத்திவிட வேண்டாம். முதலில் டேபிளையும் மெட்டாடேபிளையும் வெறுமையாகக் காட்டுங்கள். ‘ஓட்டம்’ பிழையையும் பொதுப் பட்டியல் பிழையையும் வகுப்பிலேயே நிகழ்த்திக் காட்டுங்கள். வடிவத்தைப் போலச் செய்ய உட்காரும் ஒவ்வொரு நிரலாளரும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளட்டும். கட்டங்கள் மாறாமல் இருக்க வேண்டுமா? பிரதி தனியாக இருக்க வேண்டுமா? ஒவ்வொரு பைட்டுக்கும் கணக்கு வேண்டுமா? எதற்கு ‘ஆம்’ என்று விடை வருகிறதோ, அதற்குரியதை மட்டும் கட்டுங்கள். மூன்றுக்கும் ‘வேண்டாம்’ என்பதே விடையானால், வெறும் டேபிளே போதும்.